பத்துப் பக்கத்துக்குள் ஒரு காதல்

மூன்று வருடத்து வட்ஸ்அப் உரையாடலில் இருந்து பத்துப் பக்கங்களை மட்டும் எடுத்துத் தரச் சொன்னால் எதை எடுப்பீர்கள்? கனடாவுக்குக் கணவனையோ மனைவியையோ ஸ்பொன்சர் செய்கிறவர்களிடம் அந்த நாட்டுக் குடிவரவுத் திணைக்களம் இப்படித்தான் கேட்கிறது. படம் என்றால் இருபது, கதைத்துப் பேசியதற்கு அத்தாட்சி என்றால் பத்துப் பக்கம். அதைப் பார்த்து, நீங்கள் இருவரும் உண்மையாகவே கணவன் மனைவிதான் என்று முகம் தெரியாத ஒரு அதிகாரி நம்பவேண்டும்.

வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்களுக்கு ஒரு கொமியூனிகேஷன் இருக்கிறது. போட்டோ கொப்பி, ஸ்கான், லமினேட், ரீலோட், படிவம் நிரப்புவது. அப்பா தொடங்கிய கடை; இப்போது பெரும்பாலும் நான்தான் இருக்கிறேன். கொப்பி அடிக்கிறவர்கள் வாசிக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். வாசிக்காமல் எப்படி அடிப்பது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஓரம் வெட்டுப்படுகிறதா என்று பார்க்கிறபோதே "கோவமோ?" என்ற சொல் கண்ணில் விழுந்துவிடும். இங்கே எழுதப்போகிறவர்களின் ஊர், நாடு, தொழில் எல்லாவற்றையும் ஆள் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

வடமராட்சிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி போன மாதம் போனோடு வந்தாள். மாப்பிள்ளை ரொறன்ரோ. பத்துப் பக்கத்தையும் அவளே தெரிவு செய்து வைத்திருந்தாள். எல்லாம் பூப் படம் போட்ட காலை வணக்கம், இதயம், பிறந்தநாள் வாழ்த்து, "மிஸ் யூ". யாரும் யாருக்கும் அனுப்பக்கூடிய சாமான். நான் போனை வாங்கி மேலே தள்ளிப் பார்த்தேன். மாமியாரின் கண் சத்திரசிகிச்சைக்கு அவன் அனுப்பிய காசு போதவில்லை என்று இருவரும் இரவு பதினொரு மணியில் இருந்து ஒரு மணிவரை சண்டை பிடித்திருந்தார்கள். வங்கிக் கணக்கு இலக்கம், டொக்டர் சொன்னது, இவள் தன் காப்பை அடகு வைத்தது, அவனுக்கு அது பிடிக்காமல் போனது எல்லாம் அதற்குள் இருந்தது.

"இதைப் போடும்" என்றேன்.

"ஐயோ அக்கா, அதில நான் அவரை நல்லாப் பேசியிருக்கிறன்."

"பேசினபடியாத்தான் போடச் சொல்லுறன். மனிசிமார்தான் அப்படிப் பேசுவினம்."

அவள் சிரித்தாள். ஆனால் அந்தப் பக்கத்தைப் போடவில்லை. வீட்டில் அம்மா பார்ப்பா என்றாள். அதிகாரியைவிட அம்மாவுக்குப் பயம். சரி, அவரவர் விருப்பம்.

கனடாப் படிவம் ஒன்று இருக்கிறது, ஐஎம்எம் 5532. உங்களை யார் அறிமுகப்படுத்தினார், முதன்முதலில் நேரில் சந்தித்தது எப்போது, கலியாணத்துக்கு யார் யார் வந்தார்கள், நெருங்கிய உறவினர் வரவில்லை என்றால் ஏன் என்றெல்லாம் கேட்கும். எங்கள் ஆட்கள் அதை நிரப்பும்போது பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். அறிமுகப்படுத்தியது யார்? புறோக்கர். சாதகம் பார்த்தது யார்? பெரியம்மா. நேரில் சந்தித்தது? கலியாணத்துக்கு நாலு நாளைக்கு முன்னம், கட்டுநாயக்கா விமானநிலையத்தில், இருபது பேர் சூழ நிற்க. ஊரில் இதைவிட ஒழுங்கான கலியாணம் கிடையாது. படிவத்தில் எழுதினால் ஏதோ கடத்தல் வேலை மாதிரித் தெரிகிறது.

அதனால் பொய் சொல்லத் தொடங்குகிறார்கள். ஃபேஸ்புக்கில் பழகினோம், நண்பரின் பிறந்தநாளில் கண்டோம் என்று ஒரு காதல் கதை கட்டுகிறார்கள். நான் இதை ஒருபோதும் எழுதிக் கொடுப்பதில்லை. நேர்முகத்தில் ஆளுக்கொரு கதை சொல்லி மாட்டிக்கொள்வார்கள் என்பது ஒரு காரணம். மற்றது, அந்தப் பொய் அவர்களுக்குத் தேவையே இல்லை. கலியாணம் பேசி முடித்துவிட்டு, விசாவுக்காகப் பார்த்திருந்த ஒன்றரை வருடத்தில் தினமும் கதைத்துக் கதைத்து நிசமாகவே ஒருவர்மேல் ஒருவர் உயிராகிப்போன எத்தனையோ பேரை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் காதலித்தது இந்தக் காத்திருப்பில்தான். ஆனால் எங்கள் சனம் இந்தக் காலத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. "அங்க போனாப் பிறகுதானே வாழ்க்கை" என்பார்கள். கடையில் இருந்து பார்க்கிற எனக்கு அப்படித் தெரியவில்லை. வாழ்க்கையில் பாதி இங்கேயே, ஹம்டன் லேனில் வாடகை அறை ஒன்றில், போன் சார்ஜர் வயரின் நீளத்துக்குள் நடந்து முடிந்துவிடுகிறது.

அப்பாவின் காலத்தில் வயர் கடையிலேயே இருந்தது. தொண்ணூறுகளில் எங்கள் கடையில் வெளிநாட்டுக்குக் கதைக்கிற, கண்ணாடி அடைத்த ஐடிடி தொலைபேசிப் பெட்டிகள் இருந்தன. வெளிநாட்டுக்கு எடுக்க ஒரு விலை. வெளிநாட்டில் இருந்து கடை இலக்கத்துக்கு எடுத்தால், வந்து கதைக்கிறவர்களிடமும் நிமிடக் கணக்கில் ஒரு சின்னத் தொகை. பெட்டிக்குள் நின்று கதைத்தால் வெளியே கேட்காது என்பது அப்பாவின் எண்ணம். கடல் தாண்டிக் கேட்கவேண்டும் என்று எல்லோரும் கத்தியதில் கரையோர ரயிலில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு அக்கா வருவா. யாழ்ப்பாணத்தில் ஒரே ரியூசனில் படித்த பெடியன், ஏஜென்சிக்குக் காசு கட்டி சுவிசுக்கு வெளிக்கிட்டு, வழியில் மாதக் கணக்காக எங்கோ மாட்டுப்பட்டு, பிறகு ஒருமாதிரிப் போய்ச் சேர்ந்தவன். இரண்டு வீட்டிலும் தெரியாது. ஒரு நாள் கோல் வந்து, அக்கா றிசீவரைக் காதில் வைத்தபடி ஒன்றும் பேசாமல் நின்றா. மீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணாடியில் தட்டி, "காசு ஓடுது பிள்ளை" என்றார். "ஓடட்டும் அங்கிள்" என்றா அக்கா. இதை அப்பா இப்போதும் வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். அந்தப் பெடியன் அங்கே வேறு ஒருத்தியைக் கட்டினான் என்பதையும் கட்டாயம் சேர்த்துச் சொல்வார். அதைச் சொல்லாமல் விட்டால் என்ன என்று எனக்குத் தோன்றும்.

லொட்ஜ்களில் தங்கியிருந்தவர்களின் கதை இன்னொரு மாதிரி. யுத்த காலத்தில் விசாவுக்கும் பாஸ்போட்டுக்கும் கொழும்புக்கு வந்த பெண்கள், கூட ஒரு தம்பியோ பெரியப்பாவோ துணைக்கு இருக்க, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாதக் கணக்காக லொட்ஜ்களில் கிடந்தார்கள். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை பூட்டுப்பட்ட பிறகு, ஊருக்குப் போய்விட்டு நேர்முகத்துக்குத் திரும்பி வருவதென்பதே முடியாத காரியமாகிவிட்டது. 2007 ஜூன் 7 விடியப்புறம் பொலிசார் கொழும்பு லொட்ஜ்களில் இருந்து 376 தமிழரை பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குப் பக்கமாக அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. பிரதமரும் பிறகு வருத்தம் தெரிவித்தார். செய்தியில் இது மனித உரிமை விடயமாக வந்தது, அது சரியும்தான். எங்கள் கடையில் அது இன்னொரு விதமாக வந்தது: கிழமைக்கு இரண்டு தரம் கோல் எடுக்கிற மாப்பிள்ளைமார் அன்று முழுக்க ஆள் மாறி ஆள் எடுத்து, "அவ அங்க வந்தவவோ, அவவைக் கண்டனீங்களோ" என்று அப்பாவிடம் கேட்டார்கள். ஒருவர் தன் பெண்ணை அதுவரைக்கும் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தார். அப்பாவிடம் அவவின் உயரத்தைச் சொல்லத் தெரியாமல் அழுதாராம்.

இப்போது லொட்ஜ் இல்லை, அப்பாட்மென்ட். மீற்றர் இல்லை, வீடியோ கோல். ஆனாலும் ஒவ்வொரு நாடும் தன் பங்குக்கு ஒரு பூட்டுப் போட்டுத்தான் வைத்திருக்கிறது. ஜேர்மனிக்கு என்றால் 2007 முதல் போகுமுன்னரே ஆரம்ப நிலை ஜேர்மன் மொழி, லண்டனுக்கு என்றால் 2010 முதல் ஆங்கிலப் பரீட்சை. புருசனோடு தமிழில் சண்டை பிடிக்கப் போகிற பிள்ளை, 'என் பெயர் இது, நான் ரயிலில் பயணம் செய்கிறேன்' என்று ஜேர்மனில் மனப்பாடம் செய்துகொண்டு மரைன் டிரைவில் நடக்கும். போனில் கலியாணம், வராதவருக்குப் பதிலாக வேறு ஆளை வைத்துக் கலியாணம் எல்லாவற்றையும் கனடா 2015 ஜூனில் குடிவரவுக்குச் செல்லாது என்றுவிட்டது. இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்கவேண்டும். 2020 மார்ச்சில் விமானநிலையம் மூடப்பட்டு அடுத்த ஜனவரிவரை சாதாரண பயணிகளுக்குத் திறக்காமல் கிடந்தபோது, நாள் குறித்துக் கூறையும் எடுத்து வைத்திருந்த பிள்ளைகள் என்ன பாடு பட்டார்கள் என்பதை ஒரு தனிப் பதிவாகத்தான் எழுதவேண்டும்.

என்னை மிகவும் வருத்திய சோடி இந்த வரிசையில் வராது. அது சுத்தமான காதல் கலியாணம். பெண் மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் இருக்கிற ஹட்டன் பக்கம், பம்பலப்பிட்டியில் ஒரு உடுப்புக் கடையில் வேலை. பெடியன் யாழ்ப்பாணத்துக் குடும்பம், படித்தது கொழும்பில், இப்போது லண்டன். அவன் வீட்டில் பெண்ணின் ஊரைக் கேட்டதும் கதை முடிந்தது. "தோட்டப் பக்கமோ?" என்ற ஒரு கேள்விதான். இப்படிக் கேட்கிறவர்கள் கோயிலில் எனக்கு முன்னால் நின்று தேவாரம் பாடுகிறவர்கள்தான், அதனால் பெரிதாக அதிர்ச்சியாக நடிக்க எனக்கு ஏலாது.

நாலு வருடம் இவர்கள் ஒளித்துப் பழகினார்கள். ஒளித்துப் பழகுகிறவர்கள் என்ன செய்வார்கள்? படம் எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் அழிப்பார்கள். வட்ஸ்அப்பில் கதைத்ததை ஒவ்வொரு இரவும் அழித்துவிட்டுத்தான் அவள் படுப்பாள், அறையில் கூட இருக்கிற பெண்கள் போனை எடுப்பார்கள் என்ற பயம். விகாரமகாதேவிப் பூங்காவில் ஒரு குடைக்குக் கீழே இருந்த பின்னேரங்களுக்கு எங்கே ரசீது? கடைசியில் பதிவுத் திருமணம் செய்தார்கள். பதிவாளர், இரண்டு சாட்சிகள், அவளுடைய அம்மா. மாப்பிள்ளை பக்கம் ஒருவரும் இல்லை. இருந்த படங்கள் ஏழோ எட்டோ, அதிலும் பாதியில் அவள் துப்பட்டாவால் முகத்தை மறைத்திருக்கிறாள்.

அதே கிழமை, பேச்சுக்கால் கலியாணம் ஒன்றின் அல்பம் ஸ்கானுக்கு வந்தது. ஐந்நூறு பேர், மேளம், ஆலாத்தி, கேக் வெட்டு, மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் பார்க்கில் மரத்தைச் சுற்றி எடுத்த படங்கள். அந்த இருவரும் என் கடையில் அரை மணித்தியாலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அறிமுகம் இல்லாதவர்கள், அவ்வளவுதான். கோப்பு மட்டும் கல்லுப் போல இருந்தது. ஹட்டன் பிள்ளையின் கோப்பை ஒரு காற்று அடித்தால் பறந்துவிடும்.

போதாக்குறைக்கு, மனைவியைக் கூப்பிட லண்டனில் இருப்பவர் வருடத்துக்கு உழைக்கவேண்டிய தொகையை 2024 ஏப்ரலில் 18,600 பவுண்ஸில் இருந்து 29,000 ஆக்கிவிட்டார்கள். அவன் பகலில் ஒரு வேலை, இரவில் இன்னொரு வேலை என்று ஓடினான். அவளோடு கதைக்க நேரம் குறைந்தது. பழைய உரையாடல் அழிந்துபோனது, புதியது "வேலைல நிக்கிறன்", "சரி". அவளைக் கூப்பிடுவதற்காகவே உழைத்து, அவளோடு உறவு இருக்கிறது என்று காட்டக்கூடியதை இழந்துகொண்டிருந்தான். நான் அவளுக்குச் சொன்னது ஒன்றுதான்: அழித்தது ஏன் என்பதை ஒளிக்காமல் எழுதும். மாப்பிள்ளை வீட்டார் ஏன் வரவில்லை என்பதையும் எழுதும். "அவையைப் பற்றி வெள்ளைக்காரனிட்ட எப்பிடியக்கா குறை சொல்லுறது?" என்று கேட்டாள். தன்னை வாசற்படி ஏறவிடாத மாமியாரின் மானத்தை அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். கடைசியில் இரண்டு பக்கம் எழுதினாள். நான் வாசித்த காதல் கடிதங்களில் அதைத்தான் முதலில் வைப்பேன். அதில் காதல் என்ற சொல் வரவே இல்லை. முடிவு இன்னும் வரவில்லை.

எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், மட்டும் நடந்து நின்றுபோனவர்களைப் பற்றி எங்கள் சனம் கதைப்பதே குறைவு. மாப்பிள்ளை லீவு குறைவென்று வருவார். ஸ்பொன்சர் அலுவலைத் தொடங்கிவிடலாம் என்று பதிவாளரைக் கூப்பிட்டு எழுத்தை முடித்துவிட்டு, தாலிகட்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடுவார்கள். வீட்டார் கண்ணில் அது பாதிக் கலியாணம். சட்டத்தின் கண்ணில் முழுக் கலியாணம். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் விவாகரத்துக்குக் காரணங்கள் மூன்றுதான்: பிறரோடு உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போவது, கலியாண நேரத்திலேயே இருந்த குணமாகாத ஆண்மைக் குறைவு. இருவருக்கும் ஒத்துவரவில்லை, கையெழுத்துப் போட்டுப் பிரிகிறோம் என்று மட்டும் சொல்லி வெளியே வர இடமில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் யாராவது ஒருவர் குற்றவாளியாக நிற்கவேண்டும்.

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருத்திக்கு இது நடந்தது. எழுத்து முடிந்து எட்டு மாதம் தினமும் விடிய இரண்டு மணிவரை கதைத்தவர், ஒரு நாள் போனை எடுக்கவில்லை. பிறகு இலக்கமே இல்லை. அங்கே அவருக்கு வேறொரு குடும்பம் இருந்ததாக மெல்ல மெல்லத் தெரியவந்தது. வழக்கு இழுபட்டது. அவள் அம்மா சம்பந்தம் பேச வருகிற எல்லோருக்கும், "எழுத்து மட்டும்தான், கழுத்தில ஒண்டும் ஏறேல்ல" என்று ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தா. மகள் கெட்டுப்போகவில்லை என்று அதற்கு அர்த்தம். நல்ல மனசோடுதான் சொன்னா. ஆனால் அந்த எட்டு மாதமும் மகள் அவரை விரும்பியிருந்தாள். அழுவதற்கு அவளுக்கு உரிமை இல்லாமல் போனது. தாலி ஏறியிருந்தால் ஊரே கூடி அழுதிருக்கும். ஏறாததால் தப்பினாய் பிள்ளை என்று சந்தோசப்பட்டார்கள். "எனக்கு ஆரும் செத்தவீடு செய்ய விடேல்லையக்கா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள், விவாகரத்துத் தீர்ப்பை எத்தனை கொப்பி என்று கேட்டபோது.

வயது போனவர்களும் வருவார்கள். போன வருடம் ஒரு அன்ரி, அறுபதைத் தாண்டியவ. புருசன் எண்பதுகளின் கடைசியில் ஜேர்மனி போனவர். போனவர் கூப்பிடவில்லை, இவவும் கேட்கவில்லை, விவாகரத்தும் இல்லை. பிள்ளையை வளர்த்து, படிப்பித்து, இப்போது மகளோடு வெள்ளவத்தையில் இருக்கிறா. யாழ்ப்பாணத்தில் சீதனக் காணியை விற்கவேண்டும். விற்க முடியாது, ஏனென்றால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்கப் புருசனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. 1911ஆம் ஆண்டுச் சட்டம். அவவின் தகப்பன் அவவுக்குக் கொடுத்த காணி, முப்பது வருடத்துக்கு மேல் வரியும் வேலியும் அவவின் செலவு, கையெழுத்து மட்டும் பிராங்பேட்டில். இந்தச் சட்டம் இன்னும் இருப்பதை நினைத்தால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

கைவிட்டுப் போனவர் என்று நீதிமன்றத்துக்குக் காட்டினால் நீதிமன்றமே சம்மதம் தரலாம் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். அன்ரி மறுத்துவிட்டா. "கோட்டில ஏறி அவர் என்னை விட்டிட்டுப் போனவர் எண்டு நான் சொல்லவோ? விசர்க் கதை." அதனால் சம்மதப் பத்திர வரைவை நான் ஸ்கான் பண்ணி அவருடைய இலக்கத்துக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. கையெழுத்து இல்லை. மாமனாரின் பெயரில் ஒரு எழுத்துப் பிழையையும், கிழக்கு எல்லையில் இருப்பது ஒழுங்கை அல்ல கையொழுங்கை என்பதையும் சிவப்புப் பேனையால் திருத்தி அனுப்பியிருந்தார். அன்ரி போனை என்னிடம் இருந்து பறித்துப் பார்த்தா. "அப்பவும் இப்பிடித்தான். கடைச் சிட்டையிலயும் பிழை பிடிக்கிற மனுசன்" என்றா. கோபத்தில்தான் சொன்னா, ஆனால் போனைத் திருப்பித் தர நேரம் எடுத்தது.

திருத்திய பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, தூதரகத்தில் உறுதிப்படுத்தித் தபாலில் அனுப்பினார். காணி விற்றுமுடிந்து சில மாதம் கழித்து அன்ரி வேறு ஏதோ கொப்பி அடிக்க வந்தா. அலுவல் முடிந்ததா, இனியாவது விவாகரத்தை எடுக்கலாமே என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தா.

"எடுத்தா, அவருக்கு ஒண்டு நடந்தா ஆர் எனக்குச் சொல்லுவினம்?"

பிறகு தானாகவே சொன்னா. காணியைக் குறைந்த விலைக்கு விற்றுப்போட்டாய் என்று அவர் போன் எடுத்துப் பேசினாராம். இவவும் விடவில்லையாம், முப்பது வருடத்துப் பாக்கியையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறா. அதில் இருந்து சனிக்கிழமைகளில் அவர் எடுக்கிறார். "என்ன கதைப்பீங்கள்?" என்றேன். "கதையோ? சண்டைதான்" என்றுவிட்டு, டேட்டா காட் ஒன்று தரச்சொன்னா. பெரியதாகத் தா பிள்ளை, போனமுறை பாதியில நிண்டிட்டுது என்றா.